வலியும் சீன ஊசி வைத்தியமும்: ஒரு கிறிஸ்தவ ஆஸ்பத்திரியின் பார்வை





உங்கள் காணிக்கைகளோடு வருகிற கடிதங்களில் ஒரு கேள்வி அடிக்கடி காணப்படுகிறது. "முழங்கால் வலிக்கு அக்குபங்சர் செய்துகொள்ளலாமா? அது சீனத்து மதத்தோடு சேர்ந்ததல்லவா? விசுவாசிகள் அதற்குப் போகலாமா?" என்று சிலர் கேட்கிறார்கள். வேறு சிலரோ, "நம் ஆஸ்பத்திரியிலும் அதை ஆரம்பித்தால் என்ன?" என்று எழுதுகிறார்கள். அடியேன் வைத்தியன் அல்ல, போதகன். ஆனாலும் நோயாளிகளின் கட்டிலருகே நின்று ஜெபிக்கிறவனுக்கு வலியைப் பற்றிய கேள்வி அந்நியமானதல்ல. நம் டாக்டர்களிடம் கேட்டும், நூல்களைப் படித்தும் அறிந்தவற்றை இந்த மடலில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நம் பகுதியில் இந்தக் கேள்வி ஏன்?

காளப்பநாயக்கன்பட்டி கொல்லிமலையின் அடிவாரம் என்பது நீங்கள் அறிந்ததே. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் மலை. மேலே மிளகும் காப்பியும் அன்னாசியும் பயிரிடும் மலைவாழ் மக்கள். கீழே மரவள்ளி பிடுங்குகிறவர்கள், கோழிப்பண்ணைகளில் மூட்டை தூக்குகிறவர்கள், நாள்கணக்காக உட்கார்ந்து லாரி ஓட்டுகிறவர்கள். இவர்கள் புறநோயாளர் பிரிவுக்கு வந்தால் முதலில் சொல்லுவது இடுப்பு வலி, முழங்கால் வலி, கழுத்து வலி என்பதுதான். வலி மாத்திரையை வாங்கி விழுங்கிக்கொண்டே வேலைக்குப் போகிறார்கள். அதே மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண் உண்டாகும், சிறுநீரகமும் கெடும். ஆகையால் மாத்திரை இல்லாமல் வலியைக் குறைக்கும் வழி ஏதாவது உண்டா என்று ஜனங்கள் தேடுவதில் ஆச்சரியம் இல்லை. இன்று தமிழ்நாட்டின் சிற்றூர்களிலும்கூட அக்குபங்சர் நிலையங்களைக் காணலாம். ஊசியே இல்லாமல் விரலால் ஒரு புள்ளியைத் தொட்டுச் செய்யும் 'தொடு சிகிச்சை' நம் மாநிலத்தில் வெகுவாகப் பரவியிருக்கிறது.

அது என்ன வைத்தியம்?

சீனருடைய பழைய வைத்திய நூல்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. உடலில் 'சி' என்னும் உயிர்ச்சக்தி குறிப்பிட்ட பாதைகளில் ஓடுகிறது, அது தடைப்பட்டால் நோய் உண்டாகிறது என்று அவை சொல்லுகின்றன. யின், யாங் என்னும் இரு தன்மைகள் சமநிலையில் இருப்பதே ஆரோக்கியம் என்பது அவர்களுடைய எண்ணம். அந்தப் பாதைகளில் உள்ள புள்ளிகளில் தலைமுடிபோல் மெல்லிய ஊசிகளைக் குத்தி, இருபது முப்பது நிமிடம் விட்டுவைத்து, பின்பு எடுத்துவிடுவார்கள். ஊசியில் மருந்து ஒன்றும் கிடையாது. இப்படி 361 புள்ளிகளை உலக சுகாதார நிறுவனம் வரிசைப்படுத்தியிருக்கிறது.

இதனோடு சேர்ந்த வேறு முறைகளும் உண்டு. உலர்ந்த மூலிகையைப் புள்ளிகளின் அருகே புகைய வைத்துச் சூடு கொடுப்பது ஒன்று. இந்த மூலிகை நம் மாசிபத்திரியின் இனத்தைச் சேர்ந்தது. கிண்ணங்களைத் தோலின்மேல் கவிழ்த்து உறிஞ்ச வைப்பது மற்றொன்று. கையால் அழுத்தித் தேய்ப்பதும் உண்டு. 'தாய் சி' என்பது மெதுவாக, மூச்சை ஒழுங்குபடுத்திச் செய்யும் உடற்பயிற்சி. நமக்கு இவை முழுவதும் புதியவை அல்ல. ஒத்தடம் கொடுப்பதும், எண்ணெய் தேய்த்து உருவிவிடுவதும், வர்மப் புள்ளிகளை அறிந்து வைத்தியம் செய்வதும் நம் முன்னோர் அறிந்தவையே. காமாலைக்கும் வலிப்புக்கும் பிள்ளைகளின் வயிற்றில் சூடு போடும் கொடிய பழக்கமும் நம்மிடத்தில் இருந்தது. பழமை என்பதினால் மட்டும் ஒன்று நல்லதாகிவிடாது என்பதற்கு அதுவே சாட்சி. சீனாவிலுங்கூட 1822-ஆம் ஆண்டில் அரண்மனை வைத்தியக் கல்விக்கூடத்திலிருந்து ஊசி வைத்தியத்தைப் பேரரசரே விலக்கினார். இருபதாம் நூற்றாண்டின் நடுவில்தான் அங்கே அதற்கு மறுபடியும் அரசாங்க ஆதரவு கிடைத்தது.

இந்தியாவுக்கு வந்த வரலாறு

இந்த வைத்தியம் நம் நாட்டுக்கு வந்த வழி ஒரு சேவையின் வழி. 1938-இல் ஜப்பானியப் படையெடுப்பினால் சீன மக்கள் துன்பப்பட்டபோது, இந்திய தேசிய காங்கிரஸ் ஐந்து டாக்டர்களைக் கொண்ட மருத்துவக் குழுவை அங்கே அனுப்பியது. அவர்களில் சோலாப்பூரைச் சேர்ந்த டாக்டர் துவாரகாநாத் கோட்னிஸ் போர்க்களத்துக் காயப்பட்டோருக்கு ஓய்வின்றி உழைத்து, 1942 டிசம்பரில் அங்கேயே உயிர்விட்டார். அதே குழுவில் சென்ற கல்கத்தாவின் டாக்டர் பி. கே. பாசு பிற்காலத்தில் மறுபடியும் சீனா சென்று ஊசி வைத்தியத்தைக் கற்று வந்து, 1959-இல் கல்கத்தாவில் அதைத் தொடங்கினார். மேற்கு வங்காளம் 1996-இல் இதற்கென்று ஒரு சட்டமே இயற்றியது. மத்திய அரசு 2003-இல் இதை ஒரு சிகிச்சை முறையாக அனுமதித்து, 2019-இல் தனி வைத்திய முறையாக அங்கீகரித்தது.

மேல்நாடுகளில் இதன் பெயர் பரவியது 1971-இல். 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் பீக்கிங்கில் இருந்தபோது அவருக்குக் குடல்வால் அறுவை நடந்தது. அறுவைக்குச் சீன டாக்டர்கள் கொடுத்தது வழக்கமான மயக்க மருந்துதான். பின்பு ஏற்பட்ட வயிற்று உபாதைக்கே ஊசி வைத்தார்கள். அவர் எழுதிய கட்டுரையைப் படித்தவர்கள், ஊசி வைத்தே அறுவை செய்தார்கள் என்று கதையைப் பெருக்கிவிட்டார்கள்.

உண்மையில் வலி குறைகிறதா?

பலருக்குக் குறைகிறது என்பது உண்மை. எப்படி என்பதிலேதான் பாடம் இருக்கிறது. நம் உடலே வலியை அடக்கும் ஒரு பொருளைச் சுரக்கிறது. அதற்கு எண்டார்பின் என்று பெயர். அபினைப்போல அது வேலை செய்யும். ஊசி குத்தும்போது அது சுரக்கிறது என்று 1970-களின் பிற்பகுதியில் ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். ஆனால் எந்தப் புள்ளியில் குத்துகிறோம் என்பது அவ்வளவு முக்கியமா? ஜெர்மனியில் நெடுநாள் இடுப்பு வலியுள்ள 1162 பேரை மூன்று பிரிவாக்கிச் சோதித்து, 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்குச் சீன முறைப்படி சரியான புள்ளிகளில் ஊசி. இரண்டாம் பிரிவினருக்குப் புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமாக ஊசி. மூன்றாம் பிரிவினருக்கு மாத்திரையும் உடற்பயிற்சியுமான வழக்கமான சிகிச்சை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் பிரிவில் நூற்றுக்கு ஏறத்தாழ 48 பேருக்கும், இரண்டாம் பிரிவில் 44 பேருக்கும், மூன்றாம் பிரிவில் 27 பேருக்கும் நல்ல குணம் தெரிந்தது. சரியான புள்ளிக்கும் தவறான புள்ளிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஊசி வைத்தவர்களுக்கும் வைக்காதவர்களுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் இருந்தது.

அடுத்த ஆண்டு, 2008-இல், வெளிவந்த அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று இதற்கு விளக்கம் தருகிறது. குடல் கோளாறினால் வயிற்று வலியும் பேதியும் உள்ள 262 பேர் அதில் சேர்ந்தார்கள். ஒரு பிரிவினருக்கு ஒன்றும் செய்யாமல் காத்திருக்கச் சொன்னார்கள். மற்ற இரு பிரிவினருக்கும் தோலைத் துளைக்காத போலி ஊசி வைத்தார்கள். இவர்களில் ஒரு பிரிவினரிடம் வைத்தியர் அதிகம் பேசவில்லை. மற்றப் பிரிவினரிடமோ முதல் நாளில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, அவர்களுடைய வேதனையைக் கேட்டு, அன்பாகப் பேசினார். மூன்று வாரத்தில் போதுமான சுகம் கிடைத்தது என்று சொன்னவர்கள், காத்திருந்தவர்களில் நூற்றுக்கு 28 பேர். பேசாமல் போலி ஊசி வைக்கப்பட்டவர்களில் 44 பேர். அன்பாய்க் கேட்கப்பட்டவர்களில் 62 பேர்.

அன்பானவர்களே, இந்த எண்களைச் சற்று நிதானமாய்ப் பாருங்கள். இவர்கள் வலி இல்லாமல் இருந்தவர்கள் அல்ல, பொய் சொன்னவர்களும் அல்ல. ஒருவர் உட்கார்ந்து கேட்டதும், தொட்டுப் பார்த்ததும், நம்பிக்கை கொடுத்ததும் அவர்கள் சரீரத்திலேயே வேலை செய்திருக்கிறது. ஊசி வைத்தியத்தின் பலனில் பெரும்பங்கு இங்கிருந்தே வருகிறது என்று நான் அறிந்துகொள்ளுகிறேன்.

வைத்திய உலகில் இன்னும் ஒருமனம் இல்லை. இங்கிலாந்தின் அரசாங்க வைத்திய வழிகாட்டி 2016-இல் இடுப்பு வலிக்கு ஊசி வைத்தியம் வேண்டாம் என்றது. 2021-இல் காரணம் புலப்படாத நெடுநாள் வலிக்கு அதைக் கொடுத்துப் பார்க்கலாம் என்றது. ஒற்றைத் தலைவலி அடிக்கடி வராமல் தடுப்பதற்கும், அறுவைக்குப் பின் வரும் குமட்டலுக்கும் அது பயன்படுவதாகச் சான்று இருக்கிறது. குமட்டலுக்கு ஊசிகூட வேண்டியதில்லை. உள்ளங்கைப் பக்கம் மணிக்கட்டு மடிப்பிலிருந்து முழங்கை நோக்கி மூன்று விரற்கடை தள்ளி, இரண்டு நரம்புக் கயிறுகளுக்கு நடுவில் பெருவிரலால் அழுத்தினாலே சிலருக்கு அடங்குகிறது. உடல்முழுவதும் வலிக்கும் நோயுள்ள 66 பேருக்கு நடந்த ஒரு சோதனையில் தாய் சி பயிற்சி நல்ல பலன் தந்ததாக 2010-இல் எழுதியிருக்கிறார்கள். முதியோர் தடுமாறி விழாமல் இருக்கவும் அந்தப் பயிற்சி உதவுகிறது. ஆனால் ஊசியினால் புற்றுநோய் கரைந்தது, சர்க்கரை வியாதி தீர்ந்தது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். அதற்குச் சான்று இல்லை.

வேதத்தின் வெளிச்சத்தில்

விசுவாசிகள் இதற்குப் போகலாமா என்ற கேள்விக்கு வருவோம். எசேக்கியா ராஜா மரணத்துக்கேதுவான வியாதியில் கிடந்தபோது, அத்திப்பழத்தை அடையாக்கிப் புண்ணின்மேல் கட்டும்படி ஏசாயா தீர்க்கதரிசி சொன்னார். ஜெபமும் பற்றும் ஒன்றாகவே போயின. தானியேலும் அவன் தோழரும் கல்தேயரின் கல்வியைக் கற்றார்கள், ஆனால் கல்தேயரின் சிலையை வணங்கவில்லை. கடையில் விற்கிற இறைச்சியைக் குறித்துக் கொரிந்து சபையார் கலங்கினபோது, மனச்சாட்சிக்காக ஒன்றும் விசாரியாமல் வாங்கிப் புசிக்கலாம் என்றும், இது படைக்கப்பட்டது என்று ஒருவன் அறிவித்தாலோ புசிக்கவேண்டாம் என்றும் பவுல் அப்போஸ்தலன் வழிகாட்டினார்.

இதை ஊசி வைத்தியத்துக்குப் பொருத்திப் பார்க்கலாம். ஊசி ஒரு கருவி. அது தசையிலும் நரம்பிலும் செய்கிற வேலை சிருஷ்டிகர் நம் சரீரத்தில் வைத்த ஒழுங்கின்படி நடக்கிறது. அதைக் கண்டறிந்தவர்கள் அதற்கு 'சி' என்று பெயர் வைத்ததினால் அந்த ஒழுங்கு அவர்களுடையதாகிவிடாது. செவ்வாய், புதன் என்று கிரகங்களின் பெயரால் நாளைச் சொல்லுகிறோம். அதினால் கிரகங்களை வணங்குகிறவர்கள் ஆவதில்லை. ஆனால் வைத்தியத்தோடு மந்திரம், குறி, வேறு வழிபாடு ஆகியவற்றைச் சேர்த்து ஒருவர் கொடுத்தால் விலகிக்கொள்ளுங்கள். அகசியா ராஜா விழுந்து வியாதிப்பட்டபோது, பிழைப்பேனா என்று எக்ரோனின் தேவனிடத்தில் விசாரிக்க ஆள் அனுப்பினான். அவன் நாடியது மருந்தை அல்ல, வேறொரு தேவனை.

வலியை அடக்குவதற்கு முன்

மதத்தைக் குறித்த கேள்வியைக் காட்டிலும் எனக்குப் பாரமாய் இருக்கிற காரியம் ஒன்று உண்டு. அதை நம் மலையிலேயே வளர்ந்த ஒருவரிடமிருந்து கற்றுக்கொள்ளலாம்.

ஜெஸ்ஸி பிராண்டும் ஈவ்லின் பிராண்டும் 1913-இல் மணம் முடித்து கொல்லிமலையில் ஊழியம் செய்யப் போனவர்கள். மலை ஜனங்களை அந்நாட்களில் நரம்புச் சிலந்திப் புழு வாட்டியது. ஜெஸ்ஸி பிராண்ட் அந்தப் புழுவைக் குச்சியில் சுற்றி மெதுவாக இழுத்து எடுப்பார். வலி தீரும். ஆனால் அதோடு அவர் நிறுத்தவில்லை. காலை நனைத்துத் தண்ணீர் மொள்ளும் கிணற்றிலிருந்துதான் புழு பரவுகிறது என்று கற்பித்து, கிணற்றைச் சுற்றிக் கல்சுவர் கட்டவைத்தார். அவர் 1929-இல் கடும் மலைக் காய்ச்சலில் மரித்தார். அம்மையார் முதுமையிலும் மலைகளைவிட்டு வராமல் ஊழியம் செய்து 1974-இல் இளைப்பாறுதலுக்குள் பிரவேசித்தார். நரம்புச் சிலந்தி நோய் இந்தியாவில் இல்லை என்று 2000-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

அவர்களுடைய மகன்தான் டாக்டர் பால் பிராண்ட். 1914-இல் பிறந்து, கொல்லிமலையில் வளர்ந்து, 1946-இல் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்து, தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தியவர். தொழுநோயில் விரல்கள் அழுகி விழுவதாகவே உலகம் எண்ணியிருந்தது. அப்படி அல்ல என்று அவர் கண்டார். நோய் நரம்பைக் கெடுத்து உணர்ச்சியை எடுத்துவிடுகிறது. அடுப்பில் கை வெந்தாலும், முள் காலில் ஏறினாலும், இரவில் எலி விரலைக் கடித்தாலும் அவர்களுக்குத் தெரிவதில்லை. அதற்காக நோயாளிகள் பூனை வளர்க்கும்படி ஏற்பாடு செய்தார். வலி இல்லாததே அவர்களை அங்கவீனராக்கியது. பிற்காலத்தில் அமெரிக்காவில் அவர் செயற்கை வலிக் கருவி ஒன்றைச் செய்து பார்த்தார். ஆபத்து வந்தால் அது உடலில் மின்அதிர்ச்சி கொடுக்கும். நோயாளிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? தாங்கள் செய்ய நினைத்த வேலைக்கு அது தடையாய் இருந்தபோது கருவியை நிறுத்திவிட்டார்கள்! வலியைத் தேவன் கொடுத்த ஈவு என்று அவர் 2003-இல் மரிக்கும்வரை எழுதியும் பேசியும் வந்தார்.

வலியை அடக்குகிற எந்த வைத்தியமும், அது மாத்திரையானாலும் ஊசியானாலும், அந்தக் கருவியை நிறுத்துவதற்குச் சமம். என்ன ஆபத்து என்று பார்த்த பிற்பாடு நிறுத்தினால் அது இரக்கம். பாராமல் நிறுத்தினால் அது உயிருக்கே கேடு. முதுகெலும்பில் காசநோய் இருந்தாலும் இடுப்பு வலிதான் முதலில் வரும். மாரடைப்பு, 'வாயுப் பிடிப்பு' போலவே தொடங்கும். மார்பில் கட்டியோடு வருகிற சகோதரிகளில் சிலர், பல மாதம் எங்கெங்கோ தொடு சிகிச்சை எடுத்த பின்பே ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். முதலிலே வந்திருந்தால் கட்டியோடு போயிருக்கும் நோய், அதற்குள் எலும்பு வரைக்கும் போயிருக்கும். அவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வருவதில்லை. அங்கே ஒருவர் கையைப் பிடித்து அரைமணி நேரம் பேசக் கேட்டார் என்று அவர்கள் சொல்லுகிறார்கள்.

நண்பர்களுக்குச் சில ஆலோசனைகள்

1. எந்த வலியானாலும் முதலில் டாக்டரிடம் காட்டி, காரணத்தை அறிந்துகொள்ளுங்கள். கால் மரத்துப்போதல், சிறுநீர் கழிப்பதில் தடை, காய்ச்சல், எடை குறைதல், இரவில் அதிகரிக்கும் வலி, மார்பு வலி ஆகியவை இருந்தால் ஒருநாளும் தாமதிக்கவேண்டாம்.

2. காரணம் ஆபத்தானதல்ல என்று அறிந்த பின்பு ஊசி வைத்தியம் செய்துகொள்ள விரும்பினால், முறையாய்ப் படித்தவரிடம் செல்லுங்கள். ஒவ்வொரு முறையும் புதிய ஊசி, உறை பிரிப்பதை நீங்களே பார்க்கும்படி கேளுங்கள். ஒருவருக்குக் குத்திய ஊசியை மற்றவருக்குக் குத்தினால் மஞ்சள் காமாலையும் எய்ட்ஸும் பரவும்.

3. மார்புப் பகுதியில் ஊசி ஆழமாய்ப் போனால் நுரையீரலைத் துளைத்துவிடும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் முன்னதாகவே சொல்லவேண்டும்.

4. சர்க்கரை, இரத்த அழுத்தம், காசநோய், வலிப்பு ஆகியவற்றின் மாத்திரையை நிறுத்தச் சொல்லுகிறவர் யாராய் இருந்தாலும் அவரிடம் போகவேண்டாம்.

5. நடை, உடற்பயிற்சி, ஒத்தடம், எண்ணெய் தேய்த்தல் போன்ற எளிய காரியங்களை அற்பமாய் எண்ணாதிருங்கள்.

உங்கள் காணிக்கை எங்கே போகிறது?

பன்னிரண்டு வருஷம் பெரும்பாடுள்ள ஸ்திரீயை நினைத்துப் பாருங்கள். கைப்பொருளையெல்லாம் வைத்தியர்களுக்குச் செலவழித்தும் அவள் சுகம் பெறவில்லை. அவள் ஆண்டவரைத் தொட்டமாத்திரத்தில் குணமானாள். அங்கே யவீரு காத்திருக்கிறான். அவன் மகள் மரண அவஸ்தையில் இருக்கிறாள். ஆனாலும் ஆண்டவர் நின்று, அவள் தன் காரியம் முழுவதையும் சொல்லி முடிக்குமட்டும் கேட்டார். நல்ல சமாரியன் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்ததோடு போய்விடவில்லை. சத்திரத்துக்காரனிடத்தில் பணத்தைக் கொடுத்து, மேலும் செலவானால் தருவேன் என்றான். காயப்பட்டவனோடு இருந்து பார்க்கிறவனுக்கு அந்தப் பணம் தேவையாயிருந்தது.

"நம் ஆஸ்பத்திரியிலும் ஊசி வைத்தியத்தை ஆரம்பிக்கலாமே" என்று எழுதின அன்பர்களுக்கு என் பதில் இதுதான். ஊசியை வாங்குவது எளிது, அதின் விலையும் அற்பம். ஊசியோடு கூடப் போகிற அந்த முக்கால் மணி நேரம்தான் அருமையானது. நீங்கள் அனுப்பும் காணிக்கை கட்டிடமாகவும் கருவியாகவும் மட்டுமல்ல, ஒரு நர்ஸ் அவசரமில்லாமல் கட்டிலருகே நிற்கும் நேரமாகவும், ஒரு பிசியோதெரபிஸ்ட் ஒரு பாட்டியின் முழங்காலைத் தன் கையால் பிடித்து மடக்கி நீட்டப் பழக்கும் நேரமாகவும், மலையிலிருந்து வந்தவர் தன் பேச்சிலே தன் கதையைச் சொல்லி முடிக்கும்வரை டாக்டர் காத்திருக்கும் நேரமாகவும் மாறுகிறது. அந்த நேரத்தில்தான் வலியின் காரணமும் தெரியவருகிறது.

ஜெபக் குறிப்புகள்

நெடுநாள் வலியால் தூக்கமின்றி வருந்துகிறவர்களுக்காக ஜெபியுங்கள். காலந்தாழ்த்தி வந்திருக்கும் புற்றுநோயாளிகளுக்காகவும் அவர்கள் குடும்பங்களுக்காகவும் ஜெபியுங்கள். நம் டாக்டர்களும் நர்ஸ்களும் கூட்டம் நெருக்கும் நாளிலும் பொறுமையோடு செவிகொடுக்கும் கிருபையைப் பெற ஜெபியுங்கள். உங்கள் சபையில் வலியோடு ஆராதனைக்கு வருகிற முதியவர் ஒருவராவது இருப்பார். இந்த வாரம் அவர் வீட்டுக்குப் போய் அரைமணி நேரம் உட்கார்ந்து வாருங்கள்.

வியாதியஸ்தரைத் தொட்டுச் சுகமாக்கின கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் குடும்பத்தாரையும் ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவின் பணியில்,
ஆஸ்பத்திரி போதகர்,
காளப்பநாயக்கன்பட்டி